சீ கிராண்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கக் கடலோர ஆய்வுக் கட்டுரைகளின் நன்றியுரையில் ‘சீ கிராண்ட்’ என்ற பெயர் அடிக்கடி தென்படும். ‘கிராண்ட்’ என்றதும் கடலையே யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகங்கள் கடலையும் கரையையும் ஆராய்ந்து, அதன் பயனை மீனவர்களுக்கும் கரையோர ஊர்களுக்கும் கொண்டுசேர்க்க அமெரிக்கக் கூட்டாட்சி அரசு பணம் தரும் திட்டம் அது.

அப்புறம் ஏன் இப்படியொரு பெயர்? நிலத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பதால்தான். 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், ஒரு மாநிலத்துக்கு எத்தனை நாடாளுமன்ற உறுப்பினர்களோ அத்தனை 30,000 ஏக்கர் என்று கணக்கிட்டு நிலம் கொடுத்தது. அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் ‘லேண்ட் கிராண்ட்’ கல்லூரிகள் எழுந்தன. அந்த நிலமெல்லாம் பூர்வகுடிகளிடமிருந்து போனது என்பதை ‘கிராண்ட்’ என்ற சொல் சொல்லாது.

நிலத்துக்குச் செய்ததைக் கடலுக்கும் செய்யலாமே என்று 1963இல் ஒரு மீன்வளக் கூட்டத்தில் யோசனை சொன்னவர், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் அத்தெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ். ரோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்போர்ன் பெல் அதைச் சட்டமாக்க முன்னின்றார். 1966இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். 1970இல் நோவா என்ற கடல், வளிமண்டல நிறுவனம் தொடங்கியதும் திட்டம் அதன் கைக்கு வந்தது. கொடுப்பது இப்போது நிலமல்ல, பணம். அதுவும் முழுப்பணம் அல்ல. பொதுவாக அரசு 2 டாலர் தந்தால், கூட்டாட்சி நிதி அல்லாத வேறு வழியில் 1 டாலராவது திரட்டியாக வேண்டும்.

திட்டத்துக்குக் கடல்தான் வேண்டும் என்றுமில்லை. ‘கிரேட் லேக்ஸ்’ எனப்படும் பேரேரிகளின் கரை மாநிலங்களும் இதில் உண்டு. 1998இல் வெர்மான்ட் மாநிலத்துக்கும் இந்த நிதி கிடைக்கட்டும் என்று சாம்ப்ளேன் ஏரியையும் ‘பேரேரி’ என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். பெரிய கேலி கிளம்பவே, சில வாரங்களுக்குள் அந்தப் பட்டம் போய்விட்டது. நிதி பெறும் தகுதி மட்டும் நிலைத்தது. வெர்மான்ட்காரர்களுக்கு அதுதானே வேண்டும்!

‘கிராண்ட்’ என்பதன் வேர் ‘நம்புதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினை. ‘கிரெடிட்’டுக்கும் அதே வேர்தான். பழைய பிரெஞ்சில் அது ‘உறுதியளித்தல்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘கேட்டதைத் தருதல்’ ஆயிற்று.

சரி, தமிழில்? ‘மானியம்’ என்பதுதான் முதலில் நாக்கில் வரும். ஊருக்கோ கோயிலுக்கோ பணி செய்பவருக்கு வரியின்றி விட்ட நிலத்துக்கு அந்தப் பெயர் இருந்ததால், ‘லேண்ட் கிராண்ட்’டுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் உர மானியம், எரிவாயு மானியம் என்று புழங்கிய பிறகு ‘கடல் மானியம்’ என்றால் விசைப்படகுக்கான டீசல் சலுகை என்றே வாசகர் நினைப்பார். ‘கொடை’யும் சரிவராது. கொடுத்தவர் திரும்பக் கணக்குக் கேட்டால் அது என்ன கொடை? இங்கே ஆய்வு முன்மொழிவு, வல்லுநர் மதிப்பீடு, செலவுக் கணக்கு எல்லாம் உண்டு.

மிஞ்சுவது ‘நல்கை’. ‘நல்கு’ சங்கப் பாடல்களிலேயே உள்ள வினை. ‘ஆய்வு நல்கை’ கல்விப்புலத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. ‘கடலாய்வு நல்கை’ என்றால் பொருள் சுருங்கிவிடும். ஆய்வு பாதி வேலைதான். மீதி, வேளாண் விரிவாக்கம் போலக் கரையோர மக்களிடம் போய்ச் சேரும் விரிவாக்கப் பணி. ஆகவே ‘கடல்சார் நல்கைத் திட்டம்’ என்பது என் தேர்வு.

‘சீ கிராண்ட் காலேஜ்’ என்ற பட்டத்தில் வரும் ‘காலேஜ்’ என்பதைக் ‘கல்லூரி’ என்று பெயர்க்கும்போதும் கவனம் வேண்டும். அது புதிய கட்டடமல்ல, ஏற்கெனவே உள்ள பல்கலைக்கழகத்துக்குத் தரும் தகுதி. ‘ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகம் 1971இல் கடல்சார் நல்கைத் தகுதி பெற்றது’ என்று எழுதினால் குழப்பமில்லை.