ஜெனரேட்டர், இன்வேர்ட்டர், சோலார்: ஒரே வீட்டுக்குள் இரண்டு கரண்ட் சந்திக்கக் கூடாது

இரண்டு முனையிலும் ப்ளக் பூட்டிய ஒரு வயர். ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகி, மறு முனையைச் சுவர் ப்ளக் பேஸில் செருகினால் முழு வீட்டுக்கும் கரண்ட் வந்துவிடும். 2022இல் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்ட காலத்தில் அவசரத்துக்குச் செய்த இப்படியான வயர் உங்கள் ஸ்டோர் அறையில் கிடந்தால் இன்றே இரண்டாக வெட்டிப் போடுங்கள்.

ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு முனை கழன்றால், அந்த ப்ளக்கின் வெறும் பித்தளைக் கால்களில் 230 வோல்ட் நிற்கும். பிள்ளையின் கை பட்டாலே போதும். மெயின் சுவிட்சை அணைக்க மறந்திருந்தால் அதைவிட மோசம். கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போகும். 11,000 வோல்ட்டை 400 ஆகக் குறைக்கும் அதே ட்ரான்ஸ்போர்மர் இப்போது தலைகீழாக வேலை செய்து 11,000 வோல்ட்டை மேலே ஏற்றும். பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீடுகளின் லோட் தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிடும். அதனால்தான் "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்ற தைரியம் வருகிறது. ஆனால் மரம் விழுந்து கம்பி அறுந்த நாளிலோ, திருத்த வேலைக்காக அந்தப் பகுதியைத் துண்டித்த நாளிலோ லோட் எதுவும் இருக்காது. முழு வோல்டேஜும் அந்தத் துண்டுக் கம்பியில் அப்படியே நிற்கும். லைன் ஊழியர் கை வைப்பது அந்தத் துண்டில்தான்.

இனி, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் திரும்பி வந்தால்? இரண்டும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி நேர் எதிராக மாட்டினால் இடையில் 460 வோல்ட். ஜெனரேட்டரின் வைண்டிங் கருகும், சில வேளை பற்றியும் எரியும்.

"மெயினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவோம்" என்பது பாதுகாப்பு அல்ல. இருட்டில், மழையில், வீட்டில் அம்மா மட்டும் இருக்கும்போதும் தவறு செய்ய முடியாதபடி இணைப்பு இருக்க வேண்டும். அதற்கான பொருள் சேஞ்ச் ஓவர் சுவிட்ச்: வீட்டை ஒரு நேரத்தில் தெருக் கரண்டோடோ ஜெனரேட்டரோடோ ஒன்றோடு மட்டும் சேர்ப்பது. 1 (தெரு), 0 (எதுவும் இல்லை), 2 (ஜெனரேட்டர்) என்று மூன்று நிலை. நடுவில் 0 வழியாகப் போகாமல் மற்றப் பக்கம் திரும்பாது. 30 ஆம்பியர் சிங்கிள் பேஸ் (தெருவின் மூன்று லைனில் ஒன்று மட்டும் வரும்) வீட்டுக்கு 63 ஆம்பியர், டூ போல் போதும். டூ போல் என்றால் கரண்ட் வரும் லைன், திரும்பும் நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது. கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கும்போது "டூ போல்" என்று அழுத்திக் கேளுங்கள், காரணம் கீழே. இரண்டு பிரேக்கரை அருகருகே வைத்து "ஒன்றைப் போட்டால் மற்றதை அணையுங்கள்" என்று எழுதி ஒட்டுவது இதற்கு ஈடாகாது.

வரிசை இப்படி: மீட்டர், மெயின் சுவிட்ச், சேஞ்ச் ஓவர், அதன் பிறகு ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து துண்டிப்பது), அதன் பிறகு பிரேக்கர்கள். சேஞ்ச் ஓவரை ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் போட்டால் ஜெனரேட்டர் ஓடும் நேரம் முழுக்க வீட்டுக்கு ட்ரிப் சுவிட்ச் இல்லை. ஜெனரேட்டர் வயரை மாட்ட வெளிச்சுவரில் கால்கள் உள்ளடங்கிய இன்லெட் பெட்டி ஒன்றைப் பொருத்துங்கள். அந்தப் பெட்டியில் மாட்டும் வயர் முனையில் ஓட்டைகள்தான் இருக்க வேண்டும், கால்கள் அல்ல. 2.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தருவது சுமார் 10 ஆம்பியர். லைட், ஃபேன், ஃப்ரிஜ் ஓடும், ஏ.சி., கீசர், கெட்டில் ஓடாது. ஜெனரேட்டரை பல்கனியிலோ படிக்கட்டடியிலோ வைக்கவும் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.

இப்போது நியூட்ரல். கூடுதலாகத் தவறு நடப்பது இங்கேதான். லைனை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடும் வேலையைப் பல வீடுகளில் பார்க்கலாம். ட்ரிப் சுவிட்ச் செய்வது ஒரே ஒரு கணக்கு: லைனில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் விழுந்துவிடும். இன்வேர்ட்டரிலிருந்து (பாட்டரியில் ஓடும் மாற்றுக் கரண்ட் பெட்டி) லைனை மட்டும் லைட்களுக்குக் கொடுத்து, திரும்பும் வழியை வீட்டின் பொது நியூட்ரல் பாரில் (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை) விட்டால் கணக்கு சரிவராது. லைட் போட்டதும் ட்ரிப் ஆகும். அப்போது சில வயர்மேன்கள் செய்யும் "வைத்தியம்" ட்ரிப் சுவிட்சையே விலக்கி நேரே இணைப்பது. அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். சரியான வேலை, இன்வேர்ட்டர் லைட்களுக்குத் தனி நியூட்ரல் பார், தனி 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்.

ஜெனரேட்டரில் பிரச்சினை வேறு. நம் வீடுகளின் ஏர்த் நிலத்தில் அடித்த ராட்; தெரு நியூட்ரல் ட்ரான்ஸ்போர்மரடியில் ஏர்த் ஆகியிருக்கிறது. அதனால் ஃப்ரிஜ் உடலில் கசியும் கரண்ட் நிலம் வழியாகத் திரும்ப வழி இருக்கிறது, ட்ரிப் விழுகிறது. கையில் தூக்கும் சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் எந்த முனையும் ஏர்த்தோடு சேர்ந்திருக்காது. கசிவு ஏற்பட்டாலும் கரண்ட் திரும்ப வழியில்லை, ட்ரிப் விழாது. ட்ரிப் சுவிட்சில் இருக்கும் "டி" பொத்தானை அழுத்தினால் மட்டும் டக்கென்று விழும்! ஏனென்றால் அந்தப் பொத்தான் ஏர்த்தைத் தொடுவதே இல்லை, சுவிட்சுக்குள்ளேயே லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில்தான் கரண்டை விடுகிறது. அது விழுந்ததைக் கண்டு நிம்மதியடைய வேண்டாம்.

இதற்கு, ஜெனரேட்டர் பக்கத்தில், சேஞ்ச் ஓவருக்கு முன்னால், ஒரே ஒரு இடத்தில் நியூட்ரலையும் ஏர்த்தையும் இணைக்க வேண்டும். சுவிட்ச் டூ போல் ஆக இருந்தால்தான் இதைச் செய்யலாம். இல்லையேல் அந்த இணைப்பு தெரு நியூட்ரலோடும் சேர்ந்து, பக்கத்து வீடுகளின் கரண்ட்கூட உங்கள் ஏர்த் ராட் வழியே இறங்கும். இன்வேர்ட்டர் வகை ஜெனரேட்டராக இருந்தால் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஏர்த் வழியே கரண்ட் விட்டுச் சோதிக்கும் ட்ரிப் டெஸ்டரால் உறுதி செய்யுங்கள்.

கொழும்பில் அடிக்கடி காணும் இன்னொன்று, தன் வீட்டில் மட்டும் கரண்ட் போனால் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பது. ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளானாலும் அடுத்தடுத்த வீடு வேறு வேறு பேஸில், அதாவது தெருவின் மூன்று லைனில் வேறொன்றில், இருக்கலாம். இழுத்த வயரை வீட்டு வயரிங்கில் மாட்டியிருக்கும்போது உங்கள் பேஸ் திரும்பி வந்தால் இரண்டு பேஸுக்கும் இடையிலுள்ள 400 வோல்ட் நேருக்கு நேர் மோதும். இழுத்த வயரில் ஃப்ரிஜை நேரே மாட்டுங்கள், வீட்டு வயரிங்கைத் தொடாதீர்கள்.

கூரையில் கிரிட்டோடு (தெரு மின்வலையோடு) இணைந்த சோலார் இருந்தால் அது சேஞ்ச் ஓவரின் தெருப் பக்கத்தில்தான் இணைய வேண்டும். கிரிட் போனால் 2 விநாடிக்குள் தானாக நிற்பது அதன் குணம். வீட்டுப் பக்கத்தில் இணைத்தால், ஜெனரேட்டர் வோல்டேஜைக் கிரிட் என்று எண்ணி அது மறுபடி விழித்துக்கொள்ளும். வெயில் நேரத்தில் வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய கரண்டை ஜெனரேட்டருக்குள்ளேயே தள்ளும். ஜெனரேட்டரால் அதை விழுங்க முடியாது. வோல்டேஜ் எகிறி டி.வி.யும் ரௌட்டரும் போய்விடும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளின் த்ரீ பேஸ் ஜெனரேட்டருக்கு ஃபோர் போல் (மூன்று லைன், ஒரு நியூட்ரல்) சேஞ்ச் ஓவர் வேண்டும். அதில் நியூட்ரல் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும். முந்திப் பிரிந்தால் லோட் குறைவான வீடுகளுக்கு 230க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கி ஏறும். பேஸ் வரிசை மாறினால் தண்ணீர்ப் பம்ப் தலைகீழாகச் சுற்றும், ஆகவே முதல் நாளே வரிசையைச் சோதிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் எலெக்ட்ரிஷியன் போகுமுன் ஒரு சோதனை. மெயினை அணைத்து, ஜெனரேட்டரை ஓடவிட்டு, சுவிட்சை 2இல் வைத்து, சேஞ்ச் ஓவரின் தெருப்பக்க முனைகள் இரண்டையும் தனித்தனியே ஏர்த்தோடு அளக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் பூச்சியம் வர வேண்டும். டெஸ்டர் ஸ்க்ரூ ட்ரைவர் இதற்குப் போதாது. டிஜிட்டல் மீட்டர் சில வேளை இல்லாத வோல்ட்டையும் காட்டும். சந்தேகம் வந்தால் ஒரு பல்பை மாட்டிப் பாருங்கள். பிறகு மீட்டர் பெட்டியின் அருகே "இங்கு ஜெனரேட்டர் உண்டு", சோலார் இருந்தால் அதையும் சேர்த்து, சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி ஒட்டுங்கள். வேலைக்கு வருபவர் மீட்டரைப் பார்க்கும்போதே தெரிந்துகொள்ளட்டும்.