ஈரத்துல வெந்த தோல்: ஐஏடி-ன்னா என்ன, அதுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்

அப்பா படுத்த படுக்கையா ஆகி மூணாவது மாசம், ஒரு நாள் காலைல துணி மாத்தும்போது பாத்தா தொடை இடுக்கு, பின்பக்கம் எல்லாம் செவசெவன்னு இருக்கு, சில இடத்துல மேல்தோல் மெல்லிசா கழண்டு ஈரமா பளபளன்னு தெரியுது, தண்ணி பட்டாலே அவருக்கு உயிர் போகுது. நான் பெட்சோர், அதாவது படுக்கைப் புண் வந்துடுச்சுன்னு பயந்துட்டேன். வீட்டுக்கு வந்து பாத்த நர்ஸ் திருப்பிப் போட்டு ஒரு நிமிஷம் நிதானமா பாத்துட்டு சொன்னாங்க, "இது பெட்சோர் இல்லக்கா, ஈரத்துலயே இருந்து தோல் வெந்துருக்கு". அப்புறம் நோட்டுல இங்கிலீஷ்ல மூணு எழுத்து எழுதினாங்க, ஐஏடி. விரிச்சா இன்கான்டினென்ஸ் அசோசியேட்டட் டெர்மடைட்டிஸ். அந்த நீளமான பேரு எனக்கு அன்னிக்கு ஒன்னும் சொல்லல, "வெந்துருக்கு"ங்கற ஒரு வார்த்தைதான் எல்லாத்தையும் சொல்லுச்சு. அதனாலதான் இந்த வார்த்தைகளப் பத்தியே எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல இன்கான்டினென்ஸ். இது லத்தீன்லேர்ந்து வந்தது, 'தெனேரே'ன்னா பிடிக்கறது, 'கான்தினேரே'ன்னா சேத்துப் பிடிச்சு வெச்சுக்கறது, முன்னாடி 'இன்' போட்டா அது இல்லாம போறது. நிலம் விட்டுப்போகாம சேர்ந்தே இருக்கறதால கண்டத்துக்கு கான்டினென்ட்னு பேரு வந்ததும் இதே வேர்லேர்ந்துதான். ஆனா இங்கிலீஷ்ல இந்த வார்த்தை மொதல்ல நோயப் பத்தி பேசவே இல்ல, ஆசைய அடக்கத் தெரியாதவன், ஒழுக்கம் தவறினவன்னு திட்டற வார்த்தையாதான் இருந்துச்சு, மூத்திரம் மலம் நிக்காம போறதுக்கு இத வெச்சது ரொம்ப பின்னாடி.

இப்ப தமிழுக்கு வாங்க. நம்ம புத்தகங்கள்ல 'சிறுநீர் அடங்காமை', 'அடக்கமின்மை'ன்னு போட்டிருப்பாங்க. மொழிபெயர்ப்பா பாத்தா ரொம்ப சரி, ஆனா அந்த பழைய திட்டும் கூடவே ஏறி வந்துடுச்சு. "அடக்கம் அமரருள் உய்க்கும் அடங்காமை ஆரிருள் உய்த்து விடும்"னு குறள்ல படிச்ச காதுக்கு அடங்காமைன்னா அது குணக்கேடு, நரகத்துக்கு வழி. அடங்காதவன்னு யார சொல்லுவோம்? ஸ்ட்ரோக் வந்து படுத்தவரோ, ப்ராஸ்டேட் ஆபரேஷன் ஆனவரோ, பிரசவத்துல இடுப்புத் தசை தளந்துபோன அம்மாவோ, மறதி நோய் வந்த பாட்டியோ, இவங்க எதையும் அடக்க மாட்டேன்னு அடம் பிடிக்கல, அவங்க நரம்பும் தசையும் ஒத்துழைக்கல, அவ்வளவுதான். எனக்கு இந்த வார்த்தை வேண்டாம். வீட்டுல மனுஷங்க எப்படி சொல்றாங்கன்னு கேளுங்க, "தெரியாமலே போயிடுது", "ஒன்னுக்கு நிக்க மாட்டேங்குது", "அடக்க முடியல". ஒருத்தர் மேலயும் பழி போடாம உள்ளத உள்ளபடி சொல்ற பேச்சு. எழுத்துல வேணும்னா 'கசிவு' நல்ல வார்த்தை, சிறுநீர்க் கசிவு, மலக் கசிவு. முழுசா போறவங்களுக்கு கசிவுன்னு சொல்றது கொஞ்சம் கம்மியா தெரியலாம், இருந்தாலும் குத்தாத வார்த்தை அதுதான்.

அடுத்தது டெர்மடைட்டிஸ், இதுல எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருக்கு. கிரேக்கத்துல 'டெர்மா'ன்னா தோல், அதோட வேர் 'உரிக்கறது'ங்கற வினை. தமிழ்லயும் தோலுக்கு பக்கத்துலயே 'தொலி'ன்னு ஒரு சொல் இருக்கு, பேரா எடுத்தா தோல், வினையா எடுத்தா தோல் உரி, உமி போக்கு. ரெண்டு மொழியிலயும் தோல்ங்கறது உரியறதோட சேந்தே இருக்கு. 'ஐட்டிஸ்' கிரேக்கத்துல வெறும் 'இதைச் சார்ந்த'ங்கற ஒட்டுதான், நோய்ங்கற சொல்லோட சேத்து சேத்து சொல்லி கடைசில அதுவே அழற்சின்னு ஆயிடுச்சு. அழற்சி எங்கேர்ந்து? அழல், அதாவது நெருப்பு. இங்கிலீஷ்ல இன்ஃப்ளமேஷனுக்குள்ள ஃப்ளேம் இருக்கற மாதிரியே. அதனால தோலழற்சிங்கறது ரொம்ப பொருத்தமான சொல், தோல் தீப்பிடிச்ச மாதிரி எரியறதுதான் இதுல நடக்குது.

எரியறதுன்னு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. நிறைய பேர் இத 'சொறி'ம்பாங்க இல்ல 'சூட்டுக் கட்டி'ம்பாங்க. சொறின்னா அரிப்பு, ஒட்டிக்கற நோய்ங்கற நெனப்பு, உடனே சொறிக்கு போடற மருந்து தேடுவாங்க. சூடுன்னா பவுடர் போடுவாங்க. ரெண்டும் இங்க உதவாது. பவுடர் ஈரத்துல கட்டி கட்டியா சேந்து மடிப்புக்குள்ள உரசி இன்னும் கிழிக்கும்.

என்னதான் நடக்குதுன்னா, நம்ம தோலோட மேற்பரப்பு லேசா அமிலமா இருக்கும், பிஹெச்ங்கற அமில-கார அளவுல (7க்கு கீழ அமிலம், மேல காரம்) 4லேர்ந்து 6க்குள்ள, அந்த அமிலம்தான் கிருமிகளத் தள்ளி வெக்குது. மூத்திரம் பட்டு ஊறினா மொதல்ல மேல்தோல் தண்ணியக் குடிச்சு உப்பிடும், ரொம்ப நேரம் தண்ணில இருந்த விரல் நுனி வெளுத்து சுருங்குமே அதே மாதிரி, அப்படி ஊறின தோல் துணி உரசினாலே கழண்டுடும். மூத்திரத்துல இருக்கற யூரியாவ பாக்டீரியா அம்மோனியாவா மாத்தும், அமிலத்தன்மை போய் காரத்தன்மை வந்துடும். இப்ப மலமும் சேந்துச்சுன்னா நெலமை மோசம், ஏன்னா மலத்துல புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கற என்சைம்கள் இருக்கு, காரம் ஏற ஏற அதுங்களுக்கு பலம் ஜாஸ்தி, சாப்பாட்ட செரிக்கற வேலைய தோல் மேல காட்டும். தண்ணியா போற பேதில என்சைம் இன்னும் அதிகம், அதனாலதான் மூத்திரம் மட்டும் போறவங்கள விட பேதி ஆகறவங்களுக்கு ஒரே நாள்ல கூட இது வந்துடும். முன்னாடி பழி முழுசும் அம்மோனியா மேலதான் இருந்துச்சு, 1980கள்ல நடந்த ஆராய்ச்சிகளுக்கு அப்புறம்தான் இந்த என்சைம் கதை தெளிவாச்சு. ஈரமும் காரமும் சேந்து வேக வைக்குது, "வெந்துருக்கு"ன்னு அந்த நர்ஸ் சொன்னது வெறும் பேச்சு வழக்கு இல்ல, அதுதான் விஞ்ஞானமும்.

ஐஏடிங்கற பேரே புதுசுதான். முன்னாடி பெரியவங்களுக்கு வந்தாலும் டயபர் ரேஷ்னே சொல்லிட்டு இருந்தாங்க, இல்லன்னா பெரினியல் டெர்மடைட்டிஸ், அதாவது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல இருக்கற இடத்து தோலழற்சி. 2007ல நிபுணர்கள் சேந்து ஒரு ஒத்த கருத்த வெளியிட்டப்பறம்தான் இந்த பேரு பரவலாச்சு. நல்ல மாத்தம்னுதான் சொல்லுவேன், ஏன்னா டயபர் ரேஷ்ங்கறப்போ பழி டயபர் மேல போகுது, குழந்தைங்க சமாச்சாரம்னும் தோணுது. 2022 ஜனவரில நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் 11ஆம் பதிப்புல இதுக்கு தனி இடமே இருக்கு, அலர்ஜி வகைல இல்ல, உறுத்தல் பொருள் பட்டு வர்ற தோலழற்சி வகைல. அதாவது யாரோட தோலா இருந்தாலும் போதுமான நேரம் ஊறினா வரும்.

டயபர் வார்த்தையப் பத்தியும் ஒன்னு சொல்லிடறேன். 'முழுக்க வெள்ளை'ன்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லுலேர்ந்து வந்தது, மொதல்ல கட்டம் கட்டமா நெய்த வெள்ளைத் துணிக்குத்தான் அந்த பேரு, அந்தத் துணில குழந்தைக்கு கட்டப் போய் பேரு அங்கயே ஒட்டிக்கிச்சு. எங்கப்பா முன்னாடி அந்த வார்த்தைய சொன்னா மூஞ்சிய திருப்பிக்குவாரு. 'பேடு'ன்னு சொன்னா ஒன்னும் சொல்ல மாட்டாரு. அதனால எங்க வீட்டுல பேடுதான். நனைஞ்ச உடனே மாத்தணும், ராத்திரி தாங்கட்டும்னு ரெண்டு பேடு மேல மேல வெச்சா சூடும் ஈரமும் உள்ளயே அடைஞ்சுக்கும், அத செய்யாதீங்க. படுத்திருக்கற நேரத்துல கொஞ்ச நேரமாவது பேட அவுத்துட்டு அடில உறிஞ்சற ஷீட் மட்டும் போட்டு காத்தோட விடுங்க.

பெட்சோர் குழப்பத்துக்கு வர்றேன், ஏன்னா பேரு தப்பா போனா வைத்தியமும் தப்பா போகும். படுக்கைப் புண் அழுத்தத்தால வர்றது, எலும்பு துருத்திட்டு இருக்கற இடத்துல, வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால்ல வரும், பெரும்பாலும் ஓரம் தெளிவா இருக்கும், ஆழமாவும் போகும். ஈரத்துல வெந்தது மடிப்புகள்ல, தொடை உள்பக்கம், விதைப்பை, பெண்ணுறுப்பு மடிப்பு, பிட்டம் ரெண்டு பக்கமும் பரந்து இருக்கும், ஓரம் எங்க முடியுதுன்னு சொல்ல முடியாது, மேலாகவே இருக்கும். மூத்திரமோ மலமோ படாத ஆளுக்கு இது வராது, அதுதான் மொதல் கேள்வி. சில பேருக்கு ரெண்டும் சேந்தே இருக்கும், வெந்த தோல்ல படுக்கைப் புண்ணும் சீக்கிரம் வரும், அதனால சந்தேகம்னா காட்டிடுங்க. இன்னொன்னு, கருப்புத் தோல்ல செவப்பு சரியா தெரியாது, சுத்தி இருக்கற தோல விட கருத்தோ, ஊதாவாவோ இருக்கும், இல்ல வெளிறி இருக்கும். நல்ல வெளிச்சத்துல பாக்கணும், தொட்டு சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னு பாக்கணும், வலிக்குதான்னு கேக்கணும். பேச முடியாதவங்க மூஞ்சியப் பாருங்க.

பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகம் முன்னின்னு செஞ்ச குளோபியாட்னு ஒரு அளவுகோல் இருக்கு, அது சிம்பிளா ரெண்டா பிரிக்குது, தோல் கிழியாம செவந்து மட்டும் இருக்கறது ஒன்னு, தோல் போயிட்டது ரெண்டு, ரெண்டுலயும் கிருமி தொத்து இருக்கா இல்லையான்னு ஏ, பி. வீட்டுல பாக்கறவங்களுக்கும் இது போதும்.

கழுவறதுலதான் நான் பெரிய தப்பு பண்ணேன். சுத்தமா இருக்கணுமேன்னு ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டு துண்டால அழுத்தித் தேய்ச்சேன். சாதாரண சோப்போட பிஹெச் 9, 10 வரைக்கும் இருக்கும், ஏற்கனவே காரத்துல வெந்த தோலுக்கு இன்னும் காரம். ஆன்டிசெப்டிக் லோஷன் கலக்கறதும் எரிச்சல்தான். தோலோட பிஹெச்சுக்கு பக்கத்துல இருக்கற, வாசனை இல்லாத க்ளென்சர் இல்லன்னா மிருதுவான வைப்ஸ், அதுவும் கெடைக்கலன்னா வெறும் வெதுவெதுப்பான தண்ணியும் மெத்துனு ஒரு துணியும். மலம் போனா ஒவ்வொரு தடவையும் உடனே, மூத்திரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கட்டாயம். தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும், மடிப்ப விரிச்சு உள்ளயும் ஒத்தணும்.

அப்புறம் மேல ஒரு தடுப்பு. ஜிங்க் ஆக்ஸைடு, பெட்ரோலியம் ஜெல்லி, டைமெதிகோன், இல்ல ஆஸ்பத்திரில போடற அக்ரிலேட் ஃபிலிம், எதுவா இருந்தாலும் வேலை ஒன்னுதான், தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவுல சுவர் மாதிரி நிக்கறது. ஜெல்லிய அப்பினா அது பேடுல ஒட்டி பேடு உறிஞ்சறதக் கெடுக்கும், மெல்லிசா போதும். ஜிங்க் க்ரீம்ல எல்லாரும் பண்றது, வெள்ளையா ஒட்டிட்டு இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் சுரண்டி எடுத்துட்டு புதுசா போடறது. அப்பா பல்லக் கடிச்சுட்டு இருப்பாரு, சத்தமே வராது, படுக்கை விரிப்ப மட்டும் கையால இறுக்கிப் பிடிச்சிருப்பாரு, எனக்கு அப்பவும் புரியல. நர்ஸ்தான் சொன்னாங்க, மலம் பட்ட மேல் படலத்த மட்டும் மெதுவா எடுங்க, அடில சுத்தமா ஒட்டிட்டு இருக்கறது அப்படியே இருக்கட்டும், அதுக்கு மேலயே போடுங்கன்னு. யூரியா கலந்த மாய்ஸ்சரைசர் காஞ்ச தோலுக்கு, ஊறிப்போன தோலுக்கு இல்ல.

இத ஒழுங்கா செஞ்சா ஒன்னு ரெண்டு நாள்லயே வலியும் செவப்பும் கொறைய ஆரம்பிக்கும், ஒன்னு ரெண்டு வாரத்துல தோல் கூடிடும். செவந்த இடத்த சுத்தி தனித்தனியா சின்ன சின்ன செவப்புப் புள்ளியா தெரிஞ்சா அது பூஞ்சை, பெரும்பாலும் கேண்டிடா, அதுக்கு க்ளோட்ரிமசோல் மாதிரி பூஞ்சை மருந்து வேணும், டாக்டர் பாத்து குடுக்கட்டும். வீட்டுல கெடக்கற ஸ்டீராய்டு க்ரீம எடுத்து தானா போடாதீங்க, தோல மெல்லிசாக்கி பூஞ்சைய வளத்து விட்டுடும். நாலஞ்சு நாள் ஆயும் கொறையலன்னா, சீழ், நாத்தம், காய்ச்சல், ரத்தம் இருந்தா காத்திருக்காதீங்க. கசிவு ஏன் வருதுன்னும் கேளுங்க, மலச்சிக்கல் அடைச்சு ஓரமா தண்ணியா வழியறதும் உண்டு, மூத்திரத் தொத்தும் உண்டு, மருந்தால பேதி ஆகறதும் உண்டு. துணி நனையுதேன்னு தண்ணி குடுக்கறத மட்டும் கொறைக்காதீங்க, மூத்திரம் கெட்டியாகி இன்னும் உறுத்தும்.

சரி, தமிழ்ல என்ன எழுதலாம்? என் கருத்து, எழுத்துல 'கசிவுசார் தோலழற்சி'. அசோசியேட்டடுக்கு சார், இன்கான்டினென்ஸுக்கு கசிவு, டெர்மடைட்டிஸுக்கு தோலழற்சி, ஒன்னும் விட்டுப்போகல, யாரையும் அடங்காதவங்கன்னு சொல்லவும் இல்ல. 'அரையாப்பு' (தொடை இடுக்குல வர்ற கட்டி) மாதிரி வேற நோய்க்கு சொந்தமான பழைய சொல்ல இங்க கொண்டுவர வேண்டாம். பேச்சுல 'ஈரத்துல வெந்த தோல்'. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் அதிகம் வேலை செய்யும், வெந்த இடத்த யாரும் தேய்க்க மாட்டாங்க இல்ல.

நான் அதத்தான் செஞ்சேன். பகல்ல பாத்துக்கற அக்காவும் ராத்திரி வர்ற தம்பியும் மாறி மாறி இருந்ததால, கட்டிலுக்கு மேல ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதி ஒட்டிட்டேன்: "ஈரத்துல வெந்த தோல். சோப்பு வேண்டாம். ஒத்தி எடுங்க. வெள்ளை க்ரீம சுரண்டாதீங்க." பத்து நாள் கழிச்சு, துடைக்கும்போது அப்பா விரிப்பப் பிடிக்கல.