‘டேக் டீம்’: தமிழில் எப்படிச் சொல்வது?

ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தம் பற்றிய ஒரு கட்டுரையைச் சும்மா ஆர்வத்தில் கணினி மொழிபெயர்ப்பில் போட்டுத் தமிழில் பார்த்தேன். ‘குறிச்சொல் குழுப் போட்டி’ என்று வந்து விழுந்தது. குறிச்சொல் என்றால் ஹேஷ்டேக்கில் வருகிற டேக். நான்கு முரட்டு ஆசாமிகள் ரிங்குக்குள் நின்று ஒருவர் முதுகில் ஒருவர் குறிச்சொல் ஒட்டிக்கொள்வதாக நினைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த இடத்தில் வைக்க என் கையிலும் ஒரு நல்ல சொல் இல்லை. எல்லோரையும்போல ‘டேக் டீம்’ என்றே எழுதிக் காலம் தள்ளியிருக்கிறேன்.

தப்பு எங்கே நடந்தது என்று பார்த்தால், நமக்குப் பழக்கமான டேக் எல்லாம் ஒரே குடும்பம். சட்டைக் காலரில் தொங்கும் விலைச்சீட்டு, சுங்கச்சாவடிக்காகக் கார்க் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக், கல்யாணப் படத்தில் நம்மைக் கேட்காமலே யாரோ கோத்துவிடும் முகநூல் டேக். எல்லாமே எதிலாவது தொங்குவது, இல்லை ஒட்டுவது. மல்யுத்தத்தில் வரும் டேக் வேறு. அது குழந்தைகள் விளையாட்டிலிருந்து வந்தது. ஒருவர் துரத்த, மற்றவர்கள் ஓட, தொடப்பட்டவர் அடுத்ததாகத் துரத்த வேண்டும். நாம் தொட்டுப்பிடித்து என்றும் ஓடிப்பிடித்து என்றும் சொல்கிற அதே ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் டேக் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் பதிவாகிவிட்டது. பிரிட்டனில் பல ஊர்களில் பிள்ளைகள் அதையே ‘டிக்’ என்பார்கள். வேர் எது என்பதில் அகராதிக்காரர்களுக்குள் இன்னும் முடிவில்லை, ஆனால் பொருளில் சந்தேகமில்லை. டேக் என்றால் தொடுவது; தொட்டதும் முறை மாறுவது.

டீம் என்ற சொல்லுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ஒரே நுகத்தில் பூட்டிய உழவு மாடுகளுக்கு அந்தப் பெயர். நம் ஊர்க் களத்தில் போரடிக்கப் பூட்டுகிற பிணையல் மாடுகளை நினைத்துக்கொள்ளலாம். ஆக, டேக் டீம் என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘தொட்டு முறைமாறும் ஜோடி மாடு’. கிண்டலாகத் தெரிந்தாலும் ஆட்டத்துக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆட்டம் இப்படித்தான். அணிக்கு இருவர். ஒருவர் உள்ளே, ஒருவர் கயிற்றுக்கு வெளியே விளிம்பில். வெளியே நிற்பவர் தன் மூலையில் கட்டியிருக்கும் சிறு கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் அடிபட்டோ களைத்தோ தவழ்ந்து வந்து இவர் கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம். மாறிய பிறகு வெளியேற நடுவர் ஐந்து எண்ணும் வரை அவகாசம். எதிரணிக்கு வேலை ஒன்றே: அந்தக் கை இந்தக் கையைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்வது. கூட்டம் அலறுவதெல்லாம் பெரும்பாலும் நாலு விரற்கடை இடைவெளிக்காகத்தான். முடிவு முன்பே பேசி வைத்ததுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். கூத்தில் துரியோதனன் சாகப்போவதும் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோமே.

இந்த ஆட்டவகை பிறந்தது அமெரிக்காவில். ஆனால் ஒரு நாடே அதன் முன் கூடி நின்றது ஜப்பானில். அங்கே தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1953இல். மறு ஆண்டு பிப்ரவரி 19 அன்று டோக்கியோவின் குராமாயே கொகுகிகான் அரங்கில் மல்யுத்த வீரர் ரிகிடோசானும் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் ஒரு பக்கம். கனடாவைச் சேர்ந்த ஷார்ப் சகோதரர்கள் பென்னும் மைக்கும் மறுபக்கம். வீட்டில் பெட்டி வாங்க வக்கில்லாத காலம். தெருவில் வைத்திருந்த பொதுத் தொலைக்காட்சிகள் முன்னால், முக்கியமாக ஷிம்பாஷி ரயில் நிலையத்துக்கு வெளியே, கூட்டம் அலைமோதியது. போரில் தோற்று ஒன்பது ஆண்டுகூட ஆகாத ஊரில், ஆஜானுபாகுவான இரண்டு வெள்ளைக்காரர்களைக் கராத்தே வெட்டால் ஒரு ஜப்பானியர் விரட்டுகிறார் என்றால் கேட்க வேண்டுமா? அந்த ரிகிடோசான் பிறப்பால் கொரியர் என்பது அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது என்பது தனிக்கதை.

இதில் தொட்டு மாறும் விதி செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். அடி வாங்குவது கிமுரா. தொட்டதும் புயலாய் உள்ளே வந்து மானத்தைக் காப்பது ரிகிடோசான். ஜோடி என்று பெயர்தான், ஒருவர் படியாகவும் ஒருவர் சிலையாகவும் இருந்தார்கள். கிமுராவுக்கு அது பொறுக்கவில்லை. நிஜமாக மோதினால் நான்தான் வெல்வேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று இருவரும் எதிரெதிரே இறங்கினார்கள். ரிகிடோசான் அவரை ரத்தக் களறியாக அடித்து வீழ்த்தினார்.

ஜப்பானியர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. துணிக்கடை டேக்கையும் கணினி டேக்கையும் அவர்கள் எழுதுவது ‘தகு’ என்று. மல்யுத்த டேக்குக்கு நடுமெய்யை இரட்டித்து, ஏறக்குறைய ‘தக்கு’. தமிழெழுத்தில் இரட்டித்தால் ஒலி வல்லினமாகிவிடும், அதனால் இதை அப்படியே காட்ட முடியாது. ஆனால் அவர்கள் எழுத்தில் ஒரே ஒரு குட்டி எழுத்துச் சேர்ந்ததும் இரண்டு டேக்கும் பிரிந்துவிடுகின்றன. அங்கே யாரும் குறிச்சொல் குழு என்று தடுமாற மாட்டார்கள்.

அடுத்து இன்னொன்று செய்தார்கள். ‘தக்கு’ என்பதில் இருந்த தொடுகைப் பொருளைக் கழற்றிவிட்டு, ஜோடி என்ற பொருளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தொட்டு மாறும் செயலுக்கு டச் என்ற வேறொரு ஆங்கிலச் சொல்லை எடுத்து ‘தச்சி’ ஆக்கிக்கொண்டார்கள். இன்று ஜப்பானியச் செய்திகளில் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கினால் ‘தக்கு கட்டினார்கள்’ என்ற வாய்பாட்டில் எழுதுகிறார்கள். மல்யுத்தமே பார்க்காத ஆள்கூடச் சொல்வார். நாம் கை கோத்தார்கள் என்போமே, அது.

கூடவே ஒரு குட்டி அகராதியே வளர்ந்திருக்கிறது. கூட்டாளியை எதிரி அமுக்கிப் பிடித்து நடுவர் எண்ணும்போது பாய்ந்து கலைப்பது ‘கட்டோ’, வெட்டு. இருவரும் சேர்ந்து ஒருவனை அடிப்பது ‘ட்சூ புராட்டோன்’. இரண்டு படைப்பிரிவு என்று பொருள்படும் அமெரிக்க விளையாட்டுச் சொல் அங்கே போய் வேறு வேடம் கட்டியிருக்கிறது. கூட்டாளி வெளியே சுருண்டு கிடக்க, தனியாக இருவரைச் சமாளிப்பது ‘ரோன் பத்தோரு’, தனிச் சண்டை. மல்யுத்த வீரர்கள் ஜயண்ட் பாபாவும் அன்டோனியோ இனோகியும் 1960களின் பிற்பகுதியில் ஜோடி சேர்ந்தபோது பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பிஐ பீரங்கி’ என்றார்கள். நம் ஊரில் பட்டப்பெயர் வைப்பவர்கள் பொறாமைப்படலாம்.

சரி, ஓர் ஆட்டத்தை அருகில் போய்ப் பார்ப்போம். 1995 ஜூன் 9, டோக்கியோ நிப்பான் புடோகான், ஆல் ஜப்பான் என்ற மல்யுத்த நிறுவனத்தின் உலக இணைப் பட்டம். பட்டத்தை வைத்திருந்தவர்கள் மிட்சுஹாரு மிசாவா, கெண்டா கொபாஷி. எதிரே தோஷியாக்கி கவாடா, அகிரா தாவுவே. நால்வரையும் சேர்த்து ரசிகர்கள் வைத்த பெயர் பௌத்தத்தில் வரும் நான்கு திசைக் காவல் அரசர்களுடையது. கவாடா, தாவுவே அணிக்குத் தனிப் பெயரும் உண்டு: புனிதப் பேய்ப்படை. அதில் பேயைக் குறிக்கும் அதே எழுத்துதான், ஜப்பானில் தொட்டுப்பிடித்து விளையாட்டின் பெயரிலும் வருகிறது. துரத்துகிற பிள்ளைதான் அங்கே பேய். தற்செயல்தான். ஆனாலும் சொல் தேடுகிறவனுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் விட மனசு வராது.

மிசாவாவும் கவாடாவும் ஒரே பள்ளியில் மல்யுத்தம் பழகியவர்கள், மிசாவா ஒரு வகுப்பு மூத்தவர். 1990இல் மிசாவா அதுவரை அணிந்து ஆடிய புலி முகமூடியைத் துறந்தபோது, ஆட்டத்தின் நடுவே அதன் கயிற்றை அவிழ்த்துவிட்டது அன்று அவருக்கு ஜோடியாக நின்ற கவாடா. 1993இல் பிரிந்து எதிரணிக்குப் போனார். 1995 ஆட்டம் 42 நிமிடம் 37 நொடி ஓடியது. கடைசியில் கவாடா மிசாவாவைத் தலைக்குமேல் தூக்கி அடித்து அமுக்கினார். மூத்தவரை அவர் அமுக்கி வென்றது அதுவே முதல்முறை. பட்டத்துக்கான ஒற்றையர் ஆட்டத்தில் வெல்ல 1998 மே 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த ஆட்டத்தைப் பற்றி ரசிகர்கள் முப்பது வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மல்யுத்த விமர்சகர் டேவ் மெல்ட்சர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். உலகத்திலேயே சிறந்த இணை ஆட்டம் இதுதான் என்கிற கட்சி பெரியது. அதெல்லாம் இல்லை, 1996 டிசம்பர் 6 அன்று மிசாவாவும் ஜுன் அக்கியாமாவும் இதே எதிரணியோடு மோதியதுதான் இறுக்கமானது என்பவர்களும் குறைவில்லை. முதல் கால்மணி நேரம் நகரவே இல்லை என்பார் ஒருவர். கடைசிப் பகுதியில் யார் உள்ளே இருக்க வேண்டியவர் என்பதையே மறந்துவிட்டார்கள், விதி இருந்து என்ன பயன் என்பார் இன்னொருவர். 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், அதுவும் ஓர் இணை ஆட்டத்தில், விழுந்த மிசாவா எழவே இல்லை. அதற்குப் பிறகு அவர் தலைகீழாக விழும் காட்சிகளைப் பழைய உற்சாகத்தோடு பார்க்க முடியவில்லை என்பவர்களும் உண்டு. என்னாலும் முடியவில்லை.

விதி மறந்துபோனது என்ற குறையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஆட்டம் முழுக்க விதியின் மேல்தான் ஓடுகிறது. கொபாஷியின் தொடையில் முதலிலிருந்தே கனத்த கட்டு. எதிரணி அந்தக் காலைக் குறிவைத்து அவரை வெளியே முடக்குகிறது. மிசாவா மூலைக்கு வந்தாலும் தொட அங்கே கை இல்லை. தாவுவே அவரைத் தொண்டையைப் பிடித்து விளிம்பிலிருந்து தரையில் வீசுகிறார். ரோன் பத்தோரு என்ற சொல்லுக்குப் படம் போட்டு விளக்கச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘இரட்டையர் மல்யுத்தம்’ என்று செய்தித்தாள்களில் எழுதலாம், தவறில்லை. ஆனால் இறகுப்பந்து இரட்டையர் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள், இவர்கள் அப்படியில்லை. ‘கூட்டணி’ என்றால் தொகுதிப் பங்கீடு ஞாபகம் வந்துவிடும். ‘கைமாற்று’ அழகான சொல், ஆனால் மாதக் கடைசியில் நண்பரிடம் வாங்கும் வட்டியில்லாக் கடனுக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தொடர் ஓட்டம் போலத் ‘தொடர்’ என்று தொடங்கினால், இலங்கையில் அதையே அஞ்சல் ஓட்டம் என்பார்கள், குழப்பம்தான் மிஞ்சும். சாமி தூக்குகிறவர்கள் ‘தோள் மாற்றுவது’ மிக அருகில் வருகிறது. களைத்தவர் விலக, அடுத்தவர் பாரத்தை வாங்குகிறார். ஆனால் அதில் எதிராளி இல்லை. செயல்முறையில் அச்சு அசலாகப் பொருந்துவது கோ-கோ. உட்கார்ந்திருப்பவர் முதுகைத் தொட்டு ‘கோ’ கொடுத்தால் அவர் எழுந்து துரத்துவார், கொடுத்தவர் அந்த இடத்தில் உட்காருவார்.

ஜப்பானியர் வழியைப் பின்பற்றி இரண்டாகப் பிரிப்பதே நல்லது என்பது என் கட்சி. அணிக்கு ‘இணை’: கவாடா, தாவுவே இணை, இணை ஆட்டம், இணைப் பட்டம். உள்ளே வெளியே மாறும் செயலுக்குத் ‘தொடுமாற்று’: மிசாவா தொடுமாற்றுக்குத் தவழ்ந்தார், நடுவர் தொடுமாற்றைப் பார்க்கவில்லை, அதனால் செல்லாது. பேச்சில் டேக் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்கள்? எழுதும்போது மட்டும் குறிச்சொல் வேண்டாம்.

இந்தச் சொற்களுக்குள் அடங்காமல் ஒரு காட்சி மட்டும் எனக்கு மிச்சமிருக்கிறது. அதே ஆட்டத்தின் முடிவை ஒட்டி மிசாவா அசைவில்லாமல் கிடக்கிறார். நிற்கக்கூட முடியாத கொபாஷி இழுத்து இழுத்து வந்து, அவர்மேல் குப்புறப் படுத்துக் கைகளால் பொத்திக்கொள்கிறார். அடியெல்லாம் இவர் முதுகில் விழுகிறது. நடுவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, ஆகவே அது வெட்டு இல்லை. அவர்கள் மூலையிலும் இல்லை, ஆகவே தொடுமாற்றும் ஆகாது. தொட்டுக்கொண்டுதான் இருந்தார், உடம்பு முழுவதாலும். கவாடாவும் தாவுவேயும் அவரை இழுத்து அப்புறப்படுத்துகிறார்கள்.