டெராஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு டியூனிங் குமிழ்

மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே இருப்பவை டெராஹெர்ட்ஸ் அலைகள். 1 டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.3 மில்லிமீட்டர். துணி, காகிதம், பிளாஸ்டிக்கை ஊடுருவும். எக்ஸ்ரே போல அணுக்களை அயனியாக்காது. இவ்வளவு நல்ல அலையை ஆள்வதுதான் கடினம். டிரான்சிஸ்டர்களுக்கு இங்கே வேகம் போதவில்லை. லேசர் வழியில் போனால் ஃபோட்டானின் ஆற்றல் மிகச் சிறியது: அறை வெப்பத்தில் சாதாரணமாக நடக்கும் அணு அதிர்வின் ஆற்றலே அதைவிட ஆறு மடங்கு.

பொருள் ஒத்துழைக்காதபோது வடிவத்தை வைத்து வேலை வாங்குவதுதான் மெட்டாமெட்டீரியல். 2008-இல் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் வில்லி பாடில்லா உள்ளிட்ட குழு, மேலே விழும் அலையை அப்படியே விழுங்கும் ஒரு உறிஞ்சியை உருவாக்கிக் காட்டியது. முதலில் மைக்ரோவேவில், அதே ஆண்டு டெராஹெர்ட்ஸிலும். அமைப்பு எளிது. கீழே முழு உலோகத் தகடு, நடுவே மின்கடத்தாப் படலம், மேலே அலைநீளத்தைவிடச் சிறிய உலோக வடிவங்கள் வரிசையாக. கீழ்த்தகடு இருப்பதால் அலை அந்தப் பக்கம் போக முடியாது. மேலிருக்கும் உலோகத்திலும் கீழ்த்தகட்டிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒரு வளையம் போலாகிறது. வடிவத்தின் அளவையும் இடைவெளியையும் சரியாக அமைத்தால், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அந்தப் பரப்பின் மின்மறுப்பு (அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு) வெற்றிடத்தின் 377 ஓமுடன் பொருந்திவிடும். அப்போது திரும்பி எதிரொளிக்கவும் வழியில்லை. உள்ளே சிக்கிய அலை வெப்பமாகிறது. படலத்தின் தடிமனோ அலைநீளத்தில் சிறு பங்குதான்!

சரி, ஆனால் ஒருமுறை அச்சிட்ட வடிவம் ஒரே அதிர்வெண்ணைத்தான் விழுங்கும். மாற்ற வேண்டுமானால்? பழைய ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றக் குமிழைத் திருப்பினால் உள்ளே மின்தேக்கியின் மதிப்பு மாறும். இங்கேயும் மேல் உலோகமும் கீழ்த்தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கிதான். இடையில் இருக்கும் பொருளை மாற்றினால் ஒத்ததிர்வு, அதாவது அது விழுங்கும் அதிர்வெண், நகர்ந்துவிடும்.

அந்த இடத்தில்தான் திரவப் படிகத்தை நிரப்புகிறார்கள். அதன் மூலக்கூறுகள் நீளமானவை; திரவமாக ஓடினாலும் ஒரே திசை நோக்கி நிற்கும். அலையின் மின்புலம் அவற்றின் நீளவாக்கில் இருந்தால் ஒரு ஒளிவிலகல் எண், குறுக்கே இருந்தால் இன்னொன்று. மேல் உலோக வடிவங்களை மெல்லிய கம்பிகளால் இணைத்து, கீழ்த்தகட்டுக்கும் அவற்றுக்கும் இடையே மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் திரும்பிக்கொள்கின்றன; ஒளிவிலகல் எண் மாறி, மின்தேக்கியின் மதிப்பும் மாறுகிறது. அலையை விழுங்கும் உலோகமே மின்முனையாகவும் வேலை செய்கிறது. நேர்மின்னோட்டம் கொடுத்தால் திரவத்தில் உள்ள அயனிகள் ஒருபக்கம் குவிந்து புலத்தையே மறைக்கும்; அதனால் மாறுமின்னழுத்தம்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, உறிஞ்சியும் திரவப் படிகமும் ஒன்றின் பலவீனத்தை மற்றொன்று தீர்க்கும் விதம். திரவப் படிகம் தரும் ஒளிவிலகல் மாற்றம் சுமார் 0.1 முதல் 0.2 வரைதான். அலை அதன் வழியே ஒருமுறை கடந்து போகும் சாதனத்தில் இந்த மாற்றம் பயன்பட வேண்டுமானால் நூற்றுக்கணக்கான மைக்ரான் தடிமன் வேண்டும். மூலக்கூறுகள் பழைய நிலைக்குத் திரும்பும் நேரமோ தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தடிமன் 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு. ஆனால் உறிஞ்சியில் அலையின் மின்புலம் முழுவதும் சில மைக்ரான் இடைவெளிக்குள் குவிந்துகிடக்கிறது. கூரிய ஒத்ததிர்வு என்பதால் சிறு நகர்வே பெரிய வித்தியாசம் காட்டும். ஆக மெல்லிய படலமே போதும், வேகமும் கூடும்.

2013-இல் பாடில்லா குழு இதைச் செய்து காட்டியது. 2.62 டெராஹெர்ட்ஸில் உறிஞ்சலை 30 சதவீதம் மாற்ற முடிந்தது. ஒத்ததிர்வின் இடத்தை 4 சதவீதம் நகர்த்தவும் முடிந்தது. அடுத்த ஆண்டு 6×6 பிக்சல் கொண்ட பலகை வந்தது. ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியே மாற்றலாம். இப்படியொரு பலகை இருந்தால், பிக்சல்களை வெவ்வேறு கோலங்களில் மாற்றி மாற்றி அளந்து, கேமரா சென்சார் வரிசைக்குப் பதில் ஒரே ஒரு உணரியை வைத்தே டெராஹெர்ட்ஸ் படம் எடுக்கலாம்.

2013 சோதனையில் பயன்படுத்திய திரவப் படிகம் 5சிபி. அது சுமார் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒழுங்கு கலைந்து சாதாரணத் திரவமாகிவிடும். ஈ7 போன்ற கலவைகள் 60 டிகிரிக்குப் பக்கம் வரை தாங்கும். ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோகும் கருவிக்கு அந்த வகைதான் சரிவரும்.