கண்ணேறும் டோபமினும்

‘பையன் ஒரு பயிற்சி முடித்ததற்கே பாராட்டினால் கண் பட்டுவிடாதா?’ என்று பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். தாராளமாகப் பாராட்டுங்கள். எப்போது, எதற்கு என்பதில்தான் சூட்சுமம்.

டோபமின் என்பது நரம்பணுக்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். நடுமூளையில் அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் உண்டு. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் இவற்றை அளந்தார். எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அணுக்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியதும் துடிப்பு விளக்குக்கு நகர்ந்தது. சாறு வந்தபோது தனித் துடிப்பில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் ஒரு கணம் அடங்கியது. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் என்ன மிச்சமோ, அதுவே டோபமின் சேதி. 1997-ல் ஷுல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மாண்டேக் மூவரும் இதை எழுதினார்கள். எவ்வளவு அழகான கழித்தல் கணக்கு! பையனுக்குப் பாராட்டுதான் அந்தச் சாறு.

அடுத்தது நேரம். 2014-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலி மூளைத் திசுவில் பார்த்தபோது, நரம்பணுக்களுக்கு இடையிலான ஓர் இணைப்புக்குச் சேதி வந்து 0.3 முதல் 2 விநாடிக்குள் டோபமின் சேர்ந்தால்தான், அங்கே சேதி வாங்கும் சின்னப் புடைப்பான நுண்முள் பெருத்தது, அதாவது இணைப்பு வலுத்தது. பிந்தினால் பலனில்லை. மனிதருக்கு நினைவும் பேச்சும் உண்டு என்பதால் கொஞ்சம் தாமதம் தாங்கும். மே மாத ரிசல்ட்டுக்கு ஒரு கிலோ அல்வா, அதுவரை ஒரு வார்த்தைகூட இல்லை என்றால் தாங்காது.

பத்துக் கணக்கு முடிந்து நோட்டை மூடுமுன் சொல்லுங்கள்: ‘ஏல, நேத்து விட்ட மைனஸ் குறிய இன்னைக்குப் பிடிச்சிட்டியே!’ வெறும் ‘கெட்டிக்காரன்’ போதாது. எந்த அடி சரியாக விழுந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். தினமும் ஒரே பரிசு கொடுத்தால் பழகிய சாறுபோல் சப்பென்றாகிவிடும். வாங்கித் தருவதாகச் சொல்லித் தராவிட்டால் முதலுக்கே மோசம். அதனால் முன்கூட்டி வாக்குக் கொடுக்காமல், இடையிடையே கொடுங்கள்.

பெரியவர்களுக்கும் வழி உண்டு. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இரவுதோறும் நன்றாக நடந்த மூன்றையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதியவர்களிடம், ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியிருந்தது. அந்த ‘ஏன்’ வரியை விட்டுவிடாதீர்கள்.

கண்ணேறு பயத்தில் நல்ல சேதியைப் பூட்டி வைப்பது பெரிய நஷ்டம் என்பேன். உளவியலாளர் ஷெல்லி கேபிள் குழுவின் 2004 ஆய்வில், நல்லதைப் பிறரிடம் பகிர்ந்த நாட்களில், அந்த நல்லது தந்ததற்கு மேலும் மனம் மலர்ந்திருந்தது. கேட்பவர் ஆர்வம் காட்டுவதும் முக்கியம். ஆச்சிக்குப் போன் போட்டுக் கொடுங்கள். அவர் ‘எந்தக் கணக்குல? எப்படிலே பிடிச்ச?’ என்று கேட்டால் போதும், பையன் அந்த மைனஸ் குறியை இன்னொரு தடவை பிடிப்பான்.