டோனிங்: கறுப்பு-வெள்ளைக்குச் சாயலூட்டல்

கறுப்பு-வெள்ளைப் படம் என்று சொல்கிறோமே தவிர, அச்சில் எந்தப் பக்கமும் சாயாத சாம்பல் நிறம் அபூர்வம். ஒரு பிரிண்ட் லேசாகப் பழுப்படிக்கும், இன்னொன்று நீலமடிக்கும். இதை வேண்டுமென்றே, நமக்குப் பிடித்த பக்கம் திருப்புவதுதான் டோனிங்.

சொல்லின் வேர் கிரேக்க 'டோனோஸ்', அதாவது இழுத்துக் கட்டுதல், விறைப்பு. நரம்பை முறுக்கினால் சுருதி மாறுமல்லவா, அப்படித்தான் அது முதலில் ஒலியைக் குறித்து, அப்புறம் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து நிறத்தையும் குறிக்கத் தொடங்கியது. நம்முடைய 'தொனி'யும் இதன் சொந்தம் என்று நினைக்கத் தோன்றும். இல்லை, அது சமஸ்கிருத 'த்வனி'.

இருட்டறையில் படம் கழுவிய காலத்தில் டோனிங் முழுக்க ரசாயன வேலை. தாளில் படமாகப் படிந்திருக்கும் வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றினால் செபியாப் பழுப்பு வரும், படத்தின் ஆயுளும் கூடும். (செபியா என்பது கணவாய் மீனின் கிரேக்கப் பெயர், அது கக்கும் மையின் நிறம்தான் இந்தப் பழுப்பு.)

மை தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் பிரிண்டில் வெள்ளியே கிடையாது, எல்லாம் மையின் கையில். வண்ண மைகளைக் கலந்து சாம்பலை உண்டாக்கினால் பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த படம் குண்டு பல்புக்குக் கீழே பச்சையாகவோ சிவப்பாகவோ திரும்பித் தொலைக்கும். அதனால் அச்சுக்கலைஞர் ஜான் கோனின் பீசோகிராஃபி போன்ற மைத்தொகுதிகளில் வண்ணங்களுக்குப் பதிலாகக் கறுப்பையே பல அடர்த்திகளில் நிரப்புகிறார்கள். இந்த மையில் இருப்பது கரி நிறமி, அது கெட்டியாக இருக்கும்வரை கறுப்பு, நீர்க்க நீர்க்கப் பழுப்பு எட்டிப்பார்க்கும். நடுநிலைச் சாம்பல் வேண்டுமென்றால் அதோடு கொஞ்சம் நீலமும் மெஜந்தாவும் சேர்க்க வேண்டும், அப்படிச் சேர்க்கும் மையைத்தான் டோனர் என்கிறார்கள். லேசர் பிரிண்டரில் போடும் தூளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் ஒரு சிக்கல், கரி லேசில் மங்காது, வண்ண நிறமிகள் அதற்கு முன்பே மங்கும், எனவே டோனரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றிய படம் காலப்போக்கில் பழையபடி பழுப்புக்கே போகலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நிறமூட்டல்' ஒத்துவராது, பழைய படத்தில் சேலைக்குச் சிவப்பும் இலைக்குப் பச்சையும் பூசுவதுதான் அது. 'சாயமேற்றல்' என்றால் துணி ஞாபகம் வரும். என் ஓட்டு 'சாயலூட்டல்' என்பதற்கு. கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, அதன் சாயல் மட்டும்தான் மாறுகிறது, போதாக்குறைக்கு ஒரு பக்கம் சாய்வதும் அந்தச் சொல்லில் காதில் விழுகிறது. பழுப்புப் பக்கம் போவதை வெதுசாயல் என்றும் நீலப் பக்கம் போவதைக் குளிர்சாயல் என்றும் சொல்லலாம். நிழலுக்கு ஒன்று, வெளிச்சப் பகுதிக்கு வேறொன்று என்று பிரித்துச் செய்யும் ஸ்ப்ளிட் டோனிங்குக்கு 'இரட்டைச் சாயலூட்டல்' போதும்.