ஜாமிஆ: பள்ளிவாசலும் பல்கலைக்கழகமும் ஒரே வேரில்

"டெல்லி ஜாமியா மாணவர்கள்" என்று செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். அதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஜாமியாங்கிறது யாரு, அந்தக் காலேஜைக் கட்டினவரா?" நியாயமான கேள்விதான், ஏனென்றால் நம் பத்திரிகைகள் அந்தச் சொல்லை ஒரு பெயர் மாதிரியே எழுதிப் பழகிவிட்டன. ஜாமியா ஆள் பெயரும் இல்லை, ஊர் பெயரும் இல்லை. அரபியில் பல்கலைக்கழகத்துக்கு ஜாமிஆ என்று பெயர், அது உருது வழியாக வரும்போது ஜாமியா ஆகிறது. ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்றால் 'தேசிய இஸ்லாமியப் பல்கலைக்கழகம்'. 1920இல் ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் சூடாக இருந்த நேரத்தில், பிரிட்டிஷ் அரசின் பணத்தில் நடக்கும் கல்வி வேண்டாம் என்று அலிகரில் தொடங்கினார்கள், 1925இல் டெல்லிக்கு வந்தது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேன் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதன் துணைவேந்தராக இருந்தவர். ஆக, 'மில்லியா' என்ற சொல்லில் இருக்கும் 'தேசிய' என்ற பொருள்தான் அந்தப் பெயருக்கு உயிர், அதை விட்டுவிட்டு வெறும் 'ஜாமியா' என்று சுருக்கினால் 'பல்கலைக்கழகம்' மட்டும்தான் மிஞ்சுகிறது.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம். அரபியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்து கொண்ட வேரிலிருந்து கிளைக்கும். இங்கே வேர் ஜீம், மீம், ஐன். ஜமஅ என்றால் சேர்த்தான், தொகுத்தான், கூட்டினான். இதிலிருந்து முளைத்த சொற்களில் பாதி தமிழ் முஸ்லிம் வீடுகளில் தினமும் புழங்குபவை. ஜமாஅத் என்றால் சேர்ந்து நிற்கும் கூட்டம். ஜும்ஆ என்றால் கூடும் நாள், அதாவது வெள்ளிக்கிழமை. இஜ்திமா என்றால் மாநாடு மாதிரியான ஒன்றுகூடல். இஜ்மா என்றால் அறிஞர்கள் ஒருமித்துச் சேர்ந்த கருத்து. அரபு இலக்கணத்தில் பன்மைக்கும் ஜம்உ என்றுதான் பெயர், கணக்கில் கூட்டலுக்கும் ஜம்உ என்றுதான் பெயர். ஒன்றுக்கு மேற்பட்டது ஓரிடத்தில் சேர்ந்தால் இந்த வேர் அங்கே வந்து நின்றுவிடும்.

'சேர்ப்பவர், சேர்ப்பது' என்ற பொருளில் வரும் வடிவம் ஜாமிஉ. இறைவனின் 99 திருநாமங்களில் ஒன்று இது. புத்தகங்களுக்கும் ஆகி வந்த பெயர். புகாராவில் பிறந்த இமாம் புகாரி (810–870) தொகுத்த நபிமொழி நூலை நாம் 'புகாரி' என்றே சொல்கிறோம், ஆனால் அதன் பெயரே 'அல்ஜாமிஉ' என்றுதான் தொடங்குகிறது. மலாகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் இறந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களை அகர வரிசையில் அடுக்கி எழுதிய நூலுக்கும் ஜாமிஉ என்றுதான் பெயர் வைத்தார். ஹதீஸ் என்ற நபிமொழிக்கும் மூலிகைக்கும் ஒரே தலைப்பா என்று கேட்கத் தோன்றும். இரண்டும் தொகுப்பு நூல்கள், அதனால் பெயர் இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது.

அப்புறம் பள்ளிவாசல். எல்லாப் பள்ளிவாசலும் மஸ்ஜித்தான், ஸஜ்தா செய்யும், அதாவது நெற்றி தரையில் பட வணங்கும் இடம் என்ற பொருளில். ஆனால் எல்லா மஸ்ஜிதும் ஜாமிஉ இல்லை. வெள்ளிக்கிழமை ஊரே கூடி, மிம்பர் என்ற மேடையில் இமாம் ஏறி குத்பா என்ற வெள்ளிக்கிழமைப் பேருரையை ஓதும் பள்ளிதான் ஜாமிஉ. டெல்லியில் ஷாஜகான் கட்டி 1656இல் முடித்த ஜாமா மசூதியின் 'ஜாமா'வும் இதேதான். பழைய காலத்தில் இது வெறும் பெயர் வேறுபாடு இல்லை, அரசியலும் கூட. குத்பாவில் ஆட்சியாளரின் பெயரைச் சொல்வார்கள், யார் பெயர் சொல்லப்படுகிறதோ அவர்தான் அந்த ஊருக்கு அரசர். இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஹனஃபி சட்டத்தில் ஜும்ஆ நடத்த 'மிஸ்ர் ஜாமிஉ' வேண்டும் என்பார்கள், அதாவது எல்லாம் கூடிய ஒரு நகரம் வேண்டும். இன்னொரு வழியான ஷாஃபி சட்டத்தில் அந்த ஊரில் குடியிருக்கும் ஆண்கள் நாற்பது பேர் சேர வேண்டும். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபி வழி, உள்நாட்டு ஊர்கள் ஹனஃபி வழி என்பதால் இந்த இரண்டு கணக்குமே நமக்குத் தூரத்து விஷயம் இல்லை.

கெய்ரோவின் அல்அஸ்ஹர் கதையைப் பார்த்தால் இந்தச் சொல்லின் கனம் புரியும். ஃபாத்திமிய்யா அரச மரபின் தளபதி ஜவ்ஹர் 970இல் கட்டத் தொடங்கினார், 972இல் அங்கே ஜும்ஆ தொடங்கியது. அன்றைக்கு அது ஷியாக்களில் ஒரு பிரிவான இஸ்மாயிலிகளின் இடம். 1171இல் ஸலாஹுத்தீன் ஃபாத்திமிய்யா ஆட்சியை முடித்து வைத்ததும் அல்அஸ்ஹரில் குத்பா நிறுத்தப்பட்டது. ஒரு ஊருக்கு ஒரு ஜும்ஆ போதும் என்ற ஷாஃபி சட்டத்தைக் காரணமாகச் சொன்னார்கள். கட்டடம் அப்படியே நின்றது, ஐவேளைத் தொழுகைக்கும் தடை இல்லை, ஆனால் அது ஜாமிஉ என்ற தகுதியை இழந்துவிட்டது. மம்லூக் சுல்தான் பைபர்ஸ் 1266இல் குத்பாவைத் திருப்பிக் கொடுக்கும்வரை, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த நிலைதான். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு கல்வி நிலையம் தன் பெயரின் முதல் பாதியை இத்தனை காலம் தொலைத்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

பள்ளிவாசலில் கல்வி எப்படி வந்தது? ஊர் கூடுகிற இடத்தில் பாடமும் கூடியது. ஆசிரியர் ஒரு தூணில் சாய்ந்து உட்காருவார், மாணவர்கள் அவரைச் சுற்றி வட்டமாக. அந்த வட்டத்துக்கு ஹல்கா என்று பெயர். பாடம் முடிந்தால் இஜாஸா, அதாவது அதைப் பிறருக்குச் சொல்லித்தரும் அனுமதி, கொடுப்பார்கள், அதைக் கொடுப்பது நிறுவனம் இல்லை, அந்த ஆசிரியரே தன் கையால் எழுதிக் கொடுப்பது. அதனால்தான் அந்தக் கால அறிஞர்களின் வரலாற்றில் 'எங்கே படித்தார்' என்பதைவிட 'யாரிடம் படித்தார்' என்பது முன்னால் வருகிறது. துனிஸில் 1332இல் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1382இல் கெய்ரோவுக்கு வந்து அல்அஸ்ஹரில் பாடம் நடத்தியதும் இந்த முறையில்தான். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் இருக்கும் கரவிய்யீன், ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்ற பெண்மணி 859இல் தன் சொந்தப் பணத்தில் கட்டியது என்று மரபு சொல்கிறது. துனிசியாவின் கைரவானிலிருந்து குடியேறியவர்கள் வாழ்ந்த பகுதி என்பதால் அந்தப் பெயர். 'உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம்' என்று அதைப் பெருமையோடு பகிர்கிறோம், பெருமைப்பட வேண்டிய இடம்தான், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அன்றைக்கு அதன் பெயர் ஜாமிஉல் கரவிய்யீன், ஜாமிஆ இல்லை. அது அரசு சட்டப்படி பல்கலைக்கழகமாக மாறியது 1960களில்.

ஏனென்றால் பல்கலைக்கழகம் என்ற பொருளில் ஜாமிஆ என்ற சொல் புதியது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நிறுவனங்களைப் பற்றி அரபியில் எழுத ஆரம்பித்தபோது உருவான வழக்கு. 'யுனிவர்சிட்டி'க்கு மூலமான லத்தீன் சொல்லின் பொருள் 'முழுமை, ஒட்டுமொத்தம்'. அரபியர்கள் 'முழுமை' என்ற பொருள் வரும் குல்லிய்யா என்ற சொல்லைக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள், 'ஒன்றுசேர்ப்பது' என்ற ஜாமிஆவைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பல குல்லிய்யாக்களைச் சேர்ப்பது ஜாமிஆ, கணக்கு சரியாக இருக்கிறது. ஜாமிஉ என்பதோடு கடைசியில் ஒரே ஒரு எழுத்து, பெண்பால் காட்டும் 'தா', சேர்ந்தால் ஜாமிஆ.

இந்த ஒரு எழுத்துத் தூரத்தை நடந்து கடந்தவர் எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுசைன். சின்ன வயதிலேயே கண் பார்வையை இழந்தவர், 1902இல் அல்அஸ்ஹருக்குப் படிக்க வந்தார். 1908 டிசம்பரில் கெய்ரோவில் எகிப்தியப் பல்கலைக்கழகம் திறந்ததும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1914இல் அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த முதல் முனைவர் பட்டம் அவருக்குத்தான், ஆய்வு செய்தது அபுல் அலா அல்மஅர்ரி என்ற கவிஞரைப் பற்றி, அவரும் பார்வை இல்லாதவர். அப்புறம் அல்அஸ்ஹரே அந்தத் தூரத்தைக் கடந்தது. 1961இல் வந்த சட்டத்தால் மருத்துவமும் பொறியியலும் விவசாயமும் உள்ளே வந்தன. இன்றைக்கு கெய்ரோவில் ஜாமிஉல் அஸ்ஹர் என்று கேட்டால் பழைய பள்ளிவாசலைக் காட்டுவார்கள், ஜாமிஅத்துல் அஸ்ஹர் என்று கேட்டால் பல்கலைக்கழகத்தைக் காட்டுவார்கள். தமிழில் இரண்டையும் 'அல்அஸ்ஹர்' என்று எழுதிவிட்டுப் போகிறோம், எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துப் பிரித்து எழுதினால் நல்லது.

ஜாமிஆ என்றால் எப்போதும் பல்கலைக்கழகம்தான் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். 1945 மார்ச் 22இல் கெய்ரோவில் உருவான அரபு லீகின் அரபுப் பெயர் ஜாமிஅத்துத் துவலில் அரபிய்யா. அவசரப்பட்டு மொழிபெயர்த்தால் 'அரபு நாடுகளின் பல்கலைக்கழகம்' என்று வந்து நிற்கும். இங்கே 'கூட்டமைப்பு' என்பதுதான் சரி. இன்னொரு பக்கம், முஸ்லிம் நாடுகள் எல்லாம் பல்கலைக்கழகத்தை ஜாமிஆ என்று சொல்வதும் இல்லை. ஈரானில் தானிஷ்காஹ், அறிவின் இடம். உதுமானியர்கள் தாருல் ஃபுனூன் என்றார்கள், கலைகளின் வீடு. நம்முடைய 'பல்கலை'க்கு மிக நெருக்கமான சொல் அதுதான். 1933இல் அது இஸ்தான்புல் பல்கலைக்கழகமாக மாறியபோது துருக்கியர்கள் ஐரோப்பியச் சொல்லுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வாயில் இந்த வேர் 'ஜாமி' என்று இன்னும் இருக்கிறது, பள்ளிவாசல் என்ற பொருளில்.

தமிழுக்குள் இந்த வேர் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தாலுகா அலுவலகத்தில் வருடா வருடம் நடக்கும் ஜமாபந்தி, இதே ஜமாதான். பாரசீக வருவாய்த் துறை வழியாக வந்தது, ஜமா என்றால் வசூலாக வேண்டிய மொத்தத் தொகை, பந்தி என்றால் கட்டித் தீர்ப்பது. அரசு இப்போது 'வருவாய்த் தீர்வாயம்' என்று எழுதுகிறது, நல்ல மொழிபெயர்ப்பு, ஆனாலும் மனு கொடுக்கப் போகிறவர்கள் ஜமாபந்தி என்றே சொல்கிறார்கள். வட மாவட்டங்களில் தெருக்கூத்துக் குழுவுக்கு ஜமா என்று பெயர். மகாபாரதம் கூத்து கட்டும் குழுவின் பெயரில் ஒரு அரபு வேர் உட்கார்ந்திருப்பதும், அதை யாரும் வேற்றுச் சொல்லாக நினைக்காததும் எனக்குப் பிடித்த விஷயம். ஒரு எச்சரிக்கை: ஜமால் என்ற பெயருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அது அழகு என்ற பொருள்தரும் வேறு வேர்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்லலாம்? வேருக்கு நேர் நிற்பது 'தொகு'. தொகை என்றால் கூட்டி வந்த எண், தொகை என்றால் பணம், எட்டுத்தொகை என்றால் பாடல் திரட்டு. கூட்டலுக்கும் வரிக்கணக்குக்கும் நூலுக்கும் அரபியில் ஜமஅ எப்படிப் போகிறதோ, தமிழில் தொகு அப்படியே போகிறது. அதனால் நூல் பெயராக வரும் ஜாமிஉவைத் 'தொகை' அல்லது 'திரட்டு' என்று தயங்காமல் எழுதலாம்.

பள்ளிவாசல் ஜாமிஉவுக்கு நாம் புதிதாக ஒன்றும் தேட வேண்டாம், காயல்பட்டினத்துக்காரர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். அங்கே அல்ஜாமிஉல் கபீர் என்பது ஊர் வாயில் 'பெரிய குத்பாப் பள்ளி', அல்ஜாமிஉஸ் ஸகீர் 'சிறிய குத்பாப் பள்ளி'. குத்பா நடக்கும் பள்ளி என்ற விளக்கமே பெயராகிவிட்டது. சமண, பௌத்தத் துறவிகளின் இருப்பிடத்துக்கு வழங்கிய 'பள்ளி' என்ற பழந்தமிழ்ச் சொல்லும் அதில் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமாக எந்த அகராதியும் கொடுக்காது.

பல்கலைக்கழகத்துக்கு முன்பு தமிழில் 'சர்வகலாசாலை' என்றார்கள், மலையாளத்தில் இன்றும் அதுதான். 'சாலை' வெறும் இடத்தைச் சொல்லும், 'கழகம்' கூடியிருப்பவர்களைச் சொல்லும். ஜாமிஆவின் உள்ளே இருக்கும் 'கூடுதல்' தமிழில் கழகம் என்ற பாதியில்தான் கிடைக்கிறது. இந்தக் கழகத்துக்கும் ஒரு பயணம் உண்டு: திருக்குறளில் 'கவறும் கழகமும் கையும்' என்று வரும் இடத்தில் அது சூதாடும் இடம். கம்பரிடம் வரும்போது 'கந்தனை அனையவர் கலை தெரி கழகம்'. கலையும் கழகமும் அந்த வரியிலேயே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

எழுத்து முறையைப் பற்றி ஒன்று. அரபியின் ஐன் எழுத்து தமிழில் இல்லை, அதைக் காட்டத்தான் ஜும்ஆ, ஜமாஅத், ஜாமிஆ என்று சொல்லின் நடுவில் உயிரெழுத்து போடுகிறார்கள். தமிழ் மரபுக்கு இது ஒத்துவராது, ஆனால் இலங்கைப் பேருவளையின் ஜாமிஆ நளீமிய்யா போல ஒரு நிறுவனம் தன் பெயரை அப்படி எழுதினால் அப்படியே எழுதுவதுதான் மரியாதை. டெல்லியில் இருப்பது உருது வழி வந்த பெயர், அங்கே ஜாமியா சரி, தமிழில் இகரத்துக்குப் பின் வரும் உடம்படுமெய் போல 'ய்' வந்து நம் வாய்க்கும் இணங்கிப் போகிறது. பக்கத்தில் இன்னொரு 'பல்கலைக்கழகம்' மட்டும் சேர்க்காதீர்கள். வாசகருக்குப் புரியாது என்று பட்டால் 'டெல்லி ஜாமியா மில்லியா, அதாவது தேசிய இஸ்லாமியப் பல்கலைக்கழகம்' என்று ஒரு தடவை விரித்து எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.